ஆங்கிலம் பழகுவோம்: மொட்டைக் கிள்ளிய பிள்ளை



இம்மாதம் வந்த கடிதங்களில் இறம்பொடையிலிருந்து ஒரு சகோதரி எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவருடைய கணவருக்குக் கடைத்தெருவில் ஒரு சில்லறைக் கடை. தோட்டத்து ஆட்கள்தான் வாடிக்கை. மூத்த மகள் பதினோராம் வகுப்பு. இவ்வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவள். ஆங்கில வகுப்பில் 'நிப் இன் த பட்' என்பதற்குப் பொருள் கேட்டபோது, முந்திக்கொண்டு எழுந்து 'கொழுந்து பறித்தல்' என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பு முழுதும் சிரித்திருக்கிறது. சொல்லிக்கொடுப்பவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். அன்றிலிருந்து பிள்ளை ஆங்கில வகுப்பில் வாய் திறப்பதில்லையாம். "இவளுக்கு ஆங்கிலம் சரிவராது என்று விட்டுவிடுவதா, ஏதும் வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

விட்டுவிட வேண்டாம், சகோதரி. மகள் சொன்ன விடை பிழைதான். ஆனால் யோசிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அப்படியொரு பிழை வரும். 'நிப்' என்றால் கிள்ளுதல். 'பட்' என்றால் மொட்டு. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி எடுப்பதைப் பிறந்தது முதல் பார்த்து வளர்ந்தவள், இந்த இரண்டு சொல்லையும் சேர்த்துப் பார்த்தால் வேறு என்ன சொல்லுவாள்? சொற்களின் பொருள் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சொற்களை ஒன்றாகக் கட்டியவர்கள் எந்தக் காட்சியைக் கண்முன் வைத்துக் கட்டினார்கள் என்பதுதான் அவளுக்குச் சொல்லப்படவில்லை. மரபுத்தொடர்களை அகராதி பார்த்து மட்டும் படிக்க முடியாமல் போவதற்குக் காரணமும் அதுவே.

அந்தக் காட்சியைப் பார்ப்போம். இத்தொடர் 1600களின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் வழங்கியது. லண்டனில் தேயிலை விற்பனைக்கு வந்ததே 1650களில்தான். ஆக, இதை முதலில் சொன்னவர்கள் தேத்தண்ணியே குடித்தறியாதவர்கள். அவர்கள் கண்டது பூமொட்டையும் பழமரத்து மொட்டையும். வசந்த காலத்தில் மரம் மொட்டு விட்ட பிறகு எதிர்பாராமல் ஓர் இரவு கடும்பனி இறங்கினால் மொட்டெல்லாம் கருகிப்போகும். பூவும் இல்லை, காயும் இல்லை. பனி மொட்டைக் கிள்ளிவிட்டது என்பார்கள். அதிலிருந்து, ஒரு தீமையை வளரவிடாமல் தொடக்கத்திலேயே ஒழிப்பதற்கு இத்தொடர் வந்தது. 'வீ மஸ்ட் நிப் திஸ் ஹெபிட் இன் த பட்' என்றால் 'இந்தப் பழக்கத்தை முளையிலேயே கிள்ளி எறிய வேண்டும்' என்று பொருள். தமிழில் முளை, ஆங்கிலத்தில் மொட்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இறம்பொடையிலிருந்து மேலே நுவரெலியாப் பக்கம் போனால், ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் உறைபனி விழுந்து கொழுந்து கருகுவதைப் பார்க்கலாம். ஆங்கிலேயன் சொன்ன காட்சி அங்கே அப்படியே இருக்கிறது. அந்தக் காலை நேரத்துக் குளிரைச் சொல்லவும் இதே சொல் உண்டு: 'தெயார் இஸ் எ நிப் இன் தி எயார்', அதாவது காற்றிலே குளிர் கடிக்கிறது. மகளுக்கு இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். தேயிலைச் செடியின் கதையையும் சொல்லுங்கள். அது கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும் செடி. கிள்ளாமலும் வெட்டாமலும் விட்டால் மரமாக உயர்ந்துவிடும். மொட்டைக் கிள்ளினால் ஆங்கிலேயனுடைய பழத்தோட்டத்தில் கதை முடிந்தது; நம் மலையில் அடுத்த கொழுந்துக்கு அதுதான் தொடக்கம். உங்கள் மகள் தடுக்கி விழுந்த இடம் இது. வகுப்பில் சிரித்த பிள்ளைகளுக்கு அங்கே ஒரு கல் கிடப்பதே தெரிந்திருக்காது.

மலையகத்துப் பிள்ளைகள் தடுக்கக்கூடிய கற்கள் இன்னும் சில உண்டு. அவற்றையும் பார்த்துவிடுவோம்.

'புஷ்' என்றதும் நமக்குத் தேயிலைச் செடிதான். 'டோன்ட் பீட் எபவுட் த புஷ்' என்று ஒருவர் சொன்னால், 'செடியை அடிக்காதே' என்று யாரோ தோட்டத்து ஆளை அதட்டுவது போலக் கேட்கும். இது வேட்டைக்காரர் பேச்சு. புதருக்குள் பதுங்கியிருக்கும் பறவைகளைக் கிளப்புவதற்காக, கம்பால் புதரைச் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டு போவார்கள். தட்டுகிறவன் பறவையைப் பிடிப்பதில்லை, சுற்றிக்கொண்டேயிருப்பான். விஷயத்துக்கு வராமல் சுற்றி வளைத்துப் பேசுகிறவனுக்கு அதைப் பொருத்திவிட்டார்கள். அமெரிக்கர்கள் 'எபவுட்' என்பதற்குப் பதிலாக 'எரவுண்ட்' என்பார்கள். இரண்டும் சரியே. 'எ பேர்ட் இன் த ஹேண்ட் இஸ் வேர்த் டூ இன் த புஷ்' என்பதிலும் அதே புதர்தான். அதற்கு நம்மிடம் அழகான பழமொழி இருக்கிறது: இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்காதே.

'லீஃப்' இன்னும் பொல்லாத சொல். 'டேர்ன் ஓவர் எ நியூ லீஃப்' என்பதற்கும் கொழுந்துக்கும் சம்பந்தமே கிடையாது. இங்கே 'லீஃப்' என்பது புத்தகத்தின் தாள். பழைய பக்கத்தைப் புரட்டிவிட்டுப் புதிய பக்கத்தில் எழுதத் தொடங்குவது, அதாவது பழைய நடத்தையை விட்டுத் திருந்துவது. ரமழான் வரும்போது நாமெல்லாரும் மனதில் செய்துகொள்கிற நிய்யத் இதுவே. 'ஹீ ஹேஸ் டேர்ன்ட் ஓவர் எ நியூ லீஃப்' என்றால் 'ஆள் திருந்திவிட்டான்'. தமிழர் இதைக் கேட்டு வியப்படைய வேண்டியதில்லை. ஓலையில் எழுதிய நாம்தானே 'ஏடு' என்கிறோம். பூவின் இதழும் பத்திரிகையின் இதழும் நமக்கு ஒரே சொல்தானே.

அடுத்தது 'சாக்'. கொழுந்தை நிறுத்துச் சாக்கிலே கட்டி லொறியில் ஏற்றுவதைத் தினமும் பார்க்கிற பிள்ளை, 'ஹீ கொட் த சாக்' என்றால் அவனுக்கு ஒரு சாக்குக் கிடைத்தது என்றுதான் எண்ணும். கிடைத்தது சாக்கில்லை, வேலை போய்விட்டது. வேலையை விட்டு நிறுத்தப்பட்ட தொழிலாளி தன் கருவிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு புறப்படுவான், அதிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். இதன் மென்மையான வடிவம் இன்னும் ஆபத்தானது. 'வீ ஹேவ் டு லெட் யூ கோ' என்று எழுதினால், நம்மைப் போக விடுகிறார்கள், லீவு தருகிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். அதுவும் வேலைநீக்கமே. வெளிநாட்டில் வேலை பார்க்கும் சகோதரிகளும் தம்பிமாரும் அங்கிருந்து வரும் கடிதத்தில், கைத்தொலைபேசிச் செய்தியில் இந்த வாக்கியத்தைக் கண்டால் ஒரு தடவைக்கு இரு தடவை படிக்க வேண்டும். சம்பள பாக்கியும் பயணச் சீட்டும் யார் பொறுப்பு என்று அப்போதே கேட்டாக வேண்டிய நேரம் அது. மரபுத்தொடர் படிப்பது அழகுக்கு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நிறுவைக்கு வருவோம். தோட்டத்தில் நிறுவை என்றால் சும்மா விஷயமில்லை. அன்றைய சம்பளம் தராசிலே தொங்குகிறது. ஆங்கிலத்திலும் 'வெயிட்' என்ற சொல்லைச் சுற்றி ஒரு கூட்டமே இருக்கிறது. 'புல் யுவர் வெயிட்' என்றால் உன் பங்கு வேலையை நீ செய். இது படகு வலிப்பவர்களிடமிருந்து வந்தது: எட்டுப் பேர் துடுப்புப் போடும் படகில் ஒருவன் சும்மா இருந்தால் மற்றவர்கள் அவனுடைய பாரத்தையும் சேர்த்து இழுக்க வேண்டும். 'த்ரோ யுவர் வெயிட் எபவுட்' என்றால் அதிகாரம் காட்டித் திரிவது. இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டால் பெரிய வம்பாகிவிடும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளை மேலாளரிடம் 'ஐ வில் த்ரோ மை வெயிட் எபவுட்' என்று பணிவோடு சொன்னால், அவர் என்ன நினைப்பார்! 'ஹர் வேர்ட்ஸ் கெரி வெயிட்' என்றால் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. 'வேர்த் ஹர் வெயிட் இன் கோல்ட்' என்றால் எடைக்கு எடை பொன் கொடுக்கலாம் என்பதுபோல், அத்தனை அருமையான ஆள்.

இதே இடத்தில் ஒரு திருப்புக் கேள்வி கேட்கிறேன். நாளுக்கு இத்தனை கிலோ என்று வைத்த கணக்கில் கொழுந்து குறைந்தால், தோட்டத்தில் என்ன சொல்வார்கள்? 'இன்னைக்கு அரைப்பேர்தான் விழுந்துச்சு' என்பார்கள். 'பேர்' என்பது செக்றோலில் பதியும் பெயர், அதாவது ஒரு நாள் சம்பளம். அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். இதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி, லண்டனில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். 'அரைப் பெயர் விழுந்தது' என்றால், யாருடைய பெயர், எங்கே விழுந்தது, ஏன் பாதி விழுந்தது என்று திகைத்து நிற்பார். எவ்வளவு படித்தவராயிருந்தாலும் சரி. அவரை யாரும் முட்டாள் என்று சொல்லப்போவதில்லை. உங்கள் மகளும் அந்த வகுப்பில் அதே நிலையில்தான் நின்றாள்.

ஒரு காலத்தில் இங்கே வந்த ஆங்கிலேயரும் தமிழ் படித்தார்கள், அதுவும் புத்தகம் வைத்துப் படித்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. கொழும்பில் அச்சகமும் பத்திரிகையும் நடத்திய ஃபெர்குசன் குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சின்னத்துரைமாருக்கென்று ஒரு சட்டைப்பைத் தமிழ்க் கையேடு வெளியிட்டார்கள். அதன் பெயரே 'இங்கே வா'! 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவர் தேயிலை, இறப்பர்த் தோட்டத் துரைமாருக்கு மற்றொரு கையேடு எழுதினார்; அதன் தலைப்பு 'கூலித் தமிழ்' என்பது. தலைப்புகளே கதையைச் சொல்லிவிடுகின்றன. இங்கே வாருங்கள் என்று அழைக்க அவர்களுக்கு அவசியம் இருக்கவில்லை. வேலை வாங்குவதற்கு ஏவல் வினை போதும். ஏவல் வினைக்கு மேலே ஒரு மொழியில் என்ன இருக்கிறது என்று தேட வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. லயத்திலே ஓர் உம்மா பேரனிடம் என்ன சொல்லிச் சிரிக்கிறாள், கங்காணியின் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் அவருக்கு என்ன பட்டம் வைத்திருக்கிறார்கள் என்பது எதுவும் அந்தத் தமிழுக்கு எட்டியிருக்காது.

நம் பிள்ளைகள் படிக்கும் ஆங்கிலமும் பல இடங்களில் அப்படித்தான் இருக்கிறது, திசை மாறியிருப்பதைத் தவிர. 'யெஸ் சேர்', 'நோ சேர்', 'மே ஐ கம் இன்' என்று பணிவதற்கான ஆங்கிலம். விருந்தாளி கேலி செய்கிறாரா, புகழ்கிறாரா, மறுக்கிறாரா என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற ஆங்கிலம். அந்த இடத்தைத் தாண்ட மரபுத்தொடர்தான் பாலம் என்பது என் அபிப்பிராயம். இலக்கணத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். படிக்கட்டும், நானும் தடுக்கவில்லை.

தேயிலையைக் குடித்துப் பழகிய பிறகு ஆங்கிலேயர் அதை வைத்தும் தொடர்கள் செய்தார்கள். இவை மலையகத்துப் பிள்ளைகளுக்கு மனதில் ஒட்டும். 'இட்ஸ் நொட் மை கப் ஒஃப் டீ' என்றால் 'எனக்கு அதில் விருப்பமில்லை' என்பதை மரியாதையாகச் சொல்வது. இறம்பொடை நீர்வீழ்ச்சிக்கு அருகிலுள்ள ஹோட்டல்களில் வேலை பார்க்கும் தம்பிமார் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 'ஹைக்கிங் இஸ் நொட் மை கப் ஒஃப் டீ' என்று விருந்தாளி சொன்னால், வேறு கோப்பை கொண்டுவரச் சமையலறைக்கு ஓடக் கூடாது. மலையேறுவதில் அவருக்கு நாட்டமில்லை, வேறு ஏதாவது சொல்லுங்கள் என்கிறார். முதலில் 'என் கோப்பைத் தேநீர்' என்று பிடித்த ஒன்றைச் சொல்லத்தான் இது வழங்கியது. பிற்பாடு 'இல்லை' சேர்ந்துகொண்டு, இன்று அந்த வடிவமே அதிகம் கேட்கிறது. ஒரு எச்சரிக்கை: ஒருவர் வீட்டில் அவர் ஆசையோடு செய்து வைத்த சாப்பாட்டைப் பார்த்து இதைச் சொல்லிவிடாதீர்கள். மரியாதையான தொடர்தான், ஆனாலும் மறுப்பு மறுப்புத்தான்.

'எ ஸ்டோர்ம் இன் எ டீ கப்' என்பது சின்ன விஷயத்துக்குப் பெரிய அமளி. பத்திரிகைகள் இதைத் 'தேநீர்க் கோப்பைக்குள் புயல்' என்று அப்படியே தமிழாக்கி எழுதிவிடுகின்றன, நமக்கும் பழகிவிட்டது. அமெரிக்கர்களுக்கு அந்தப் புயல் கோப்பையில் இல்லை, தேநீர்க் கேத்தலில் அடிக்கும். ரோமர் காலத்தில் அதே புயல் அகப்பைக்குள் எழும் அலையாக இருந்தது. சிசரோவின் எழுத்தில் அதைக் காணலாம். பாத்திரங்கள் மாறினாலும் கல்யாண வீட்டுச் சண்டைகள் மாறவில்லை.

'நொட் ஃபோர் ஓல் த டீ இன் சைனா' என்றால் எதைக் கொடுத்தாலும் மாட்டேன். தேயிலை என்றாலே சீனா என்று இருந்த நினைப்பில் பிறந்த தொடர் இது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். அதன்பின் முப்பது வருடத்துக்குள் இங்கிலாந்தின் கோப்பைகளில் இந்திய, இலங்கைத் தேயிலை நிறைந்துவிட்டது. தொடரில் மட்டும் சீனாவே நின்றுகொண்டிருக்கிறது. 'இலங்கைத் தேயிலை முழுவதையும் தந்தாலும்' என்று ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு.

'ரீட் த டீ லீவ்ஸ்' என்பது கோப்பையின் அடியில் படிந்த தேயிலைச் சக்கையைப் பார்த்துக் குறி சொல்லும் வழக்கத்திலிருந்து வந்தது. குறி பார்ப்பது நமக்கு விலக்கப்பட்டது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்திரிகையாளர்கள் இன்று இதை எழுதும்போது, கிடைக்கும் அறிகுறிகளை வைத்து நடக்கப்போவதை ஊகிப்பது என்ற அளவில்தான் எழுதுகிறார்கள். வாசித்தால் விளங்கிக்கொள்ளுங்கள். நான் இதைப் பயன்படுத்துவதில்லை.

இங்கேதான், பல பெற்றோர் என்னிடம் கேட்டிருக்கும் மற்றொரு தொடரையும் சொல்லியாக வேண்டும். மரபுத்தொடர்ப் பட்டியல் எதை எடுத்தாலும், மலை முஹம்மதிடம் வராவிட்டால் முஹம்மது மலையிடம் போக வேண்டும் என்ற தொடர் கண்ணில் படும். பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, "வாப்பா, இது எந்த ஹதீஸில் இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். எந்த ஹதீஸிலும் இல்லை. குர்ஆனிலும் இல்லை, ஸீராவிலும் இல்லை. ஆங்கிலத்தில் இதைப் பரப்பியது பிரான்ஸிஸ் பேக்கன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1625இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதி. துணிச்சலைப் பற்றிய ஒரு கட்டுரையில், மருத்துவம் தெரியாமலே மருந்து விற்று ஏமாற்றுகிறவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வரும்போது, இந்தக் குன்றுக் கதையை நபி (ஸல்) அவர்கள் மீது ஏற்றி எழுதியிருக்கிறார். ஐரோப்பாவில் அன்று நம் மார்க்கத்தைப் பற்றி நிலவிய அறியாமைக்கு அது ஒரு சாட்சி. இதைப் போன்ற வேடிக்கைக் கதையொன்று துருக்கியில் நஸ்ருத்தீன் ஹோஜாவின் பெயரிலும் சொல்லப்படுகிறது. அங்கே அது வேடிக்கையாகவே இருக்கிறது, யாரையும் நோகடிப்பதில்லை.

இன்று இதைச் சொல்லும் பெரும்பாலான ஆங்கிலேயருக்குப் பேக்கனையும் தெரியாது, கதையையும் தெரியாது. 'எதிராளி அசையாவிட்டால் நாம்தான் அசைய வேண்டும்' என்ற பொருளில் சாதாரணமாகச் சொல்கிறார்கள். ஆகவே பரீட்சைத் தாளில் கண்டால் பிள்ளை கோபப்பட்டு விட்டுவிட வேண்டாம், பொருளை எழுதட்டும். பேசும்போது இதற்குப் பதிலாக 'டேக் த ஃபர்ஸ்ட் ஸ்டெப்' என்று சொன்னால் போதும். முதல் அடியை நாம் எடுத்து வைப்போம் என்று பொருள். சக மாணவர் எவரேனும் கேட்டால், கதை எங்கிருந்து வந்தது என்று வருடத்தோடு சொல்லத் தெரிந்திருப்பது நல்லது. அதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

'மெக்கா' என்ற சொல்லையும் கூட்டம் கூடும் இடத்துக்கெல்லாம் ஆங்கிலத்தில் சூட்டிவிட்டார்கள். நுவரெலியாவைச் சுற்றுலாப் பயணிகளின் மெக்கா என்று எழுதுவார்கள். இங்கிலாந்தில் பிங்கோ சூதாட்ட மண்டபங்களுக்கே அந்தப் பெயர் இருக்கிறது. 1980களில் சவூதி அரசு ஆங்கிலத்தில் 'மக்கா' என்றே எழுத வேண்டும் என்று எழுத்துக்கூட்டலை மாற்றியது. 'ஹப்' என்றோ 'மெக்னட்' என்றோ எழுதினாலும் அந்த வாக்கியம் நிற்கும். பைபிளிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த தொடர்களும் ஏராளம். ஊசியின் காதில் ஒட்டகம் நுழைவது அவற்றில் ஒன்று. அதே உவமை சூரத்துல் அஃராஃபின் 40ஆவது வசனத்திலும் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்தத் தொடரை ஒருமுறை படித்தாலே மறக்க மாட்டார்கள்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. 'இட்ஸ் ரெயினிங் கெட்ஸ் அண்ட் டோக்ஸ்' என்பதைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் மனப்பாடம் செய்கிறோம். ஆங்கிலேயர்கள் இன்று அதை அபூர்வமாகவே சொல்கிறார்கள். 'இட்ஸ் போரிங் டவுன்' என்றால் போதும். இறம்பொடையில் வருடத்தில் பாதி நாள் அதைச் சொல்லலாம். அந்த மழைத் தண்ணீர் 109 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்து, நுவரெலியா வீதியின் பாலத்துக்கு அடியால் கொத்மலை நீர்த்தேக்கத்தை நோக்கி ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு 'வோட்டர் அண்டர் த பிரிஜ்' என்பதை நான் விளக்கத் தேவையில்லை. ஓடிய தண்ணீர் திரும்பி வராது. முடிந்துபோன விஷயம், விட்டுவிடு என்று பொருள். சகோதரர்களுக்குள் பழைய மனத்தாங்கலைத் தீர்க்கும்போது 'தட்ஸ் ஓல் வோட்டர் அண்டர் த பிரிஜ்' என்பார்கள்.

'வன்ஸ் இன் எ புளூ மூன்' என்றால் அத்தி பூத்தாற்போல, மிக அருமையாக. ஒரே ஆங்கில மாதத்தில் இரண்டாவதாக வரும் முழுநிலவை 'நீல நிலா' என்று இப்போது அழைக்கிறார்கள்; அது 1946இல் ஓர் அமெரிக்க வானியல் சஞ்சிகையில் நேர்ந்த தவறிலிருந்து பரவிய வழக்கம். தொடரோ அதைவிடப் பழையது. இலங்கையில் 2023 ஓகஸ்ட் மாதத்தில் முதலாந் திகதியும் முப்பதாந் திகதியும் இரண்டு போயா வந்தது பலருக்கு நினைவிருக்கும். நம் ஹிஜ்ரி மாதத்திலோ நீல நிலாவுக்கு இடமே கிடையாது. பிறை பார்த்து மாதம் தொடங்குவதால், 13, 14, 15 ஆகிய வெள்ளை நாட்களை ஒட்டி ஒரே ஒரு முழுநிலவுதான்.

சகோதரியின் மகளுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு நாற்பது பக்கக் கொப்பி எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தொடர். மேலே தொடர், அதன் கீழே அந்தக் காட்சியைச் சின்னப் படமாக வரைய வேண்டும், படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. அடுத்து தன் வீட்டிலோ கடையிலோ நடந்த ஒன்றை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம். கடைசியில், இதை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்று ஒரு வரி. வாரத்துக்கு இரண்டு தொடர் போதும். ஒரு நாளில் இருபது படித்தால் இருபதும் குழம்பிவிடும். கட்டுரை எழுதும்போது ஒரு பக்கத்துக்கு ஒன்றுக்கு மேல் போட வேண்டாம். கறியில் உப்பு மாதிரி. முதல் பக்கத்தில் 'நிப் இன் த பட்' இருக்கட்டும்: ஒரு புறம் பனியில் கருகிய பூமொட்டு, மறுபுறம் கொழுந்து பறிக்கும் விரல்கள்.

அடுத்த இதழுக்கான பயிற்சி எல்லாருக்கும். 'இன் ஹொட் வோட்டர்', 'பிரேக் தி ஐஸ்', 'ஸ்பில் த பீன்ஸ்' ஆகிய மூன்றுக்கும் பொருளும் ஒவ்வொரு சொந்த வாக்கியமும் எழுதி அனுப்புங்கள். அதோடு, அரைப்பேர் போல உங்கள் பகுதியில் மட்டும் வழங்கும் தொடர் ஒன்றையும், அதை ஆங்கிலத்தில் எப்படி விளக்குவீர்கள் என்பதையும் எழுதுங்கள். நல்லவற்றை அடுத்த மாதம் இந்தப் பக்கத்தில் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.